மேசை தேர்ச்சி பெற்றது

மேசைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று பீப் அக்கா வந்து சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

பீப் அக்கா எங்கள் நிறுவனத்தின் காதுப் பரிசோதகர். பள்ளி பள்ளியாகப் போய், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தான் பெட்டியைக் கொடுப்பார். மெல்லிய பீப் ஒலி கேட்கும்போதெல்லாம் பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு காதுக்கு நான்கு ஒலி, இரண்டுக்கும் சேர்த்து எட்டு. எட்டுக்கும் பதில் வந்தால் மடிக்கணினியின் திரையில் எட்டுப் பச்சை டிக் விழும். இரண்டு மூன்று தவறினால் சிவப்பு விழும். மருத்துவரைப் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குச் சீட்டு போகும். ஒலியை எழுப்புவது, பொத்தானைக் கவனிப்பது, டிக் போடுவது எல்லாம் நான் எழுதிய நிரல். பீப் அக்கா என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. போனில் அவரே "பீப் அக்கா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்று காலை அடுத்த பள்ளிக்குக் கிளம்புவதற்காக அவர் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். துடைக்கும்போது கை பட்டுப் பரிசோதனை தொடங்கிவிட்டது. ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. பொத்தான் பெட்டி நாற்காலியின் கைப்பிடியில் வயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு ஓடி முடியட்டும் என்று விட்டிருக்கிறார். முடிந்தபோது எட்டுப் பச்சை.

"மேசைக்கு ரெண்டு காதும் பிரமாதம்மா. எங்க வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு கேக்காது," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். ஒரு மாதத்துக்கு முன்பும் அவர் இதே இடத்தில் வந்து நின்றது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நூறு பிள்ளைகளைச் சோதித்தால் மூன்று நான்கு பேருக்காவது சிவப்பு விழும், இப்போதெல்லாம் விழுவதே இல்லை, ஒன்றும் தப்பில்லையே என்று கேட்டிருந்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், புது ஹெட்போன் வெளியிலிருந்து வரும் சத்தத்தை நன்றாகத் தடுக்கிறது, அதனால் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று விளக்கம் கொடுத்தேன். கேட்டவுடன் வாயில் வந்த விளக்கம். சொன்ன பிறகு நானே அதை நம்பிவிட்டேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அவர் போய்விட்டார்.

அவரை உட்காரச் சொல்லி ஹெட்போனை மாட்டினேன். எது கேட்டாலும் அழுத்தாதீர்கள், கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். வகுப்பில் சேட்டை செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். எட்டுப் பச்சை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பொத்தான் பெட்டியைச் செய்த நிறுவனம் அதனோடு ஒரு லைப்ரரியும் கொடுக்கும். கணினியின் அடிமட்ட மொழியில் எழுதி, உள்ளே பிரித்துப் படிக்க முடியாதபடி இறுக்கிக் கட்டிய ஒரு கோப்பு. என் நிரல் வேறொரு மொழியில், எழுதுவதற்கும் மாற்றுவதற்கும் சுலபமான மொழியில் இருக்கிறது. அது அந்த லைப்ரரியைக் கூப்பிட்டு, பொத்தான் அழுத்தப்பட்டதா என்று கேட்கும். லைப்ரரி பதிலைக் கணினி நினைவகத்தின் சின்னச் சின்ன அறைகளில் வைக்கும், என் நிரல் எடுத்துக்கொள்ளும். என்ன அளவில், என்ன வகையில் பதில் வரும் என்பதை நான் முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். நான்கு அறை நிறைய ஒரு முழு எண் வருகிறது என்று என் நிரல் தானாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நின்று சரிபார்க்க யாரும் கிடையாது. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. நானே புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

லைப்ரரி தரும் பதிலை அப்படியே திரையில் காட்டச் சொன்னேன். அக்கா கையைக் கட்டியபடியே இருந்தார். 7680. 7680. 7680. ஒருமுறை அழுத்துங்கள் என்றேன். 7681. விட்டார். 7680.

பார்த்ததும் புரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த நிறுவனம் லைப்ரரியின் புதிய பதிப்பை அனுப்பியது. பழைய பதிப்பு நான்கு அறையையும் சுத்தமாக நிரப்பி, ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு, ஆம் இல்லை சொல்ல எதற்கு நான்கு அறை என்று கடைசி அறையில் மட்டும் எழுதியது. மற்ற மூன்றிலும் அதற்கு முன் நடந்த ஏதோ கணக்கின் மிச்சம் அப்படியே கிடந்தது. நான் நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தேன். பொத்தான் பெட்டி ஒவ்வொரு முறையும் சரியாக இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. பக்கத்து அறைகளின் குப்பையையும் சேர்த்து அள்ளி, அதை ஆம் என்று ஆக்கியது நான்.

இதுவரை சொன்னது யாருக்கும் நேரக்கூடிய பிழை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

என் கோப்பில் அந்த வரியைத் தேடிப் போனேன். அதன் மேலே நான் எனக்காக எழுதிவைத்த குறிப்பு இருந்தது. "ஏனோ 1 வருவதில்லை, பெரிய எண் வருகிறது. பூஜ்யம் இல்லையென்றால் அழுத்தியதாக வைத்துக்கொள்ளலாம். பிறகு பார்க்க வேண்டும்." தேதியும் இருந்தது. பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய நாள்.

ஆக, நான் பார்த்திருக்கிறேன். புதிய பதிப்பைப் போட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் டிக் விழவில்லை, ஏனென்றால் நிரல் ஒன்று என்ற எண்ணுக்காகக் காத்திருந்தது. 7681 என்ற எண்ணை அன்றைக்கே என் கண்ணால் பார்த்தேன். எங்கிருந்து வந்தது இது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். நிறுவனம் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் இரண்டாவது வரியிலேயே இருந்தது. நான் கேள்வியை மாற்றினேன். ஒன்றா என்று கேட்பதை விட்டு, பூஜ்யம் அல்லவா என்று கேட்க வைத்தேன். அழுத்திப் பார்த்தேன், பச்சை விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரரை அழுத்தச் சொன்னேன், பச்சை விழுந்தது. அழுத்தாமல் இருந்து பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எங்களுக்குத்தான் காது கேட்கிறதே.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம், இருபத்து மூன்று பள்ளிகள், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். சிவப்பு விழுந்தது இரண்டே பேருக்கு. எடுத்துப் பார்த்தேன். இருவருமே அந்தந்த நாளில் முதலில் உட்கார்ந்த பிள்ளைகள். கணினி அப்போதுதான் விழித்திருக்கும், அறைகளில் குப்பை சேர்ந்திருக்காது.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்பது ஒரு பெரிய எண். பெரிய எண்ணுக்கு முன்னால் வெட்கப்படுவது அவ்வளவு கடினமில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதில் ஒரு கம்பீரம்கூட இருக்கிறது. அந்தப் பட்டியலில் சேராத ஒரு பிள்ளை இருந்தாள். அவளை நினைத்தபோதுதான் என் முகம் கொதித்தது. பள்ளியில் சோதிக்கப்படாதவள் அவள். அலுவலகத்துக்கு நானே கூட்டிவந்து, என் கையாலேயே சோதித்தவள்.

சில்லு என் நாத்தனாரின் மகள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் வந்த பெயர். வயது ஆறு. நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர், எனக்கு அண்ணி. அவர் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அதனால் அண்ணியும் சில்லுவும் என் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறார்கள். அண்ணி திரைச்சீலை தைக்கிறார். முன்னறையில் பாதியை அவருடைய தையல் மிஷின் பிடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கம்ப்யூட்டர். "கம்ப்யூட்டருக்கு டீயில சர்க்கரை கம்மியா போடுங்கம்மா, உள்ள பூச்சி வந்துடும்," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிறேன் என்பதை அவருக்குத் தெரியும்படி வைத்திருந்தேன்.

சில்லு கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிரே நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் சொல்வாள். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் சுவர்தான். ஆனால் ஐஸ்கிரீம் என்று யாராவது உரக்கச் சொன்னால் ஓடி வருவாள். அதனால் வீட்டில் எல்லாரும், வேண்டியது மட்டும் கேட்கும் காது என்று கேலி செய்வார்கள். அண்ணிக்கு மட்டும் உறுத்தல் இருந்தது. மருத்துவரிடம் நாள் வாங்கியிருந்தார். அதை என்னிடம் தயங்கித்தான் சொன்னார். என்னிடம் எதையும் தயங்காமல் சொல்பவர் அவர். நான், எதற்கு அண்ணி வீண் அலைச்சல், நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பள்ளிகள் திறந்த வாரத்துச் சனிக்கிழமை அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தேன். சுழல் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்தாள். ஹெட்போன் அவள் தலைக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், நான் ஒரு கையை எடுத்துப் பொத்தான் பெட்டியில் வைத்தேன். பீப் கேட்டால் இதை அழுத்த வேண்டும் என்றேன். தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் கட்டைவிரல் என்ன செய்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை, பச்சை, பச்சை என்று விழுந்தது அழகாக நினைவிருக்கிறது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எப்போ ஆரம்பிக்கும் அத்தை?"

நான் அதைக் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டுச் சிரித்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, அச்சடித்த தாளை எடுத்துக் காட்டிவிட்டு, இந்தக் கதையையும் சொன்னேன். பரிசோதனையே முடிந்துவிட்டது, இவள் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கிறாள் என்றேன். எப்படிப்பட்ட கவனக்குறைவு என்பதற்கு உதாரணமாக. மாமனார் சிரித்தார், என் கணவர் சிரித்தார். "காது சுத்தமா கேக்குது அண்ணி. கவனம்தான் இல்ல. கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்," என்றேன்.

அண்ணி தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை, எட்டு டிக் தவிர. "சரி, நீ படிச்சவ," என்று மட்டும் சொன்னார். அந்தக் கணம் எனக்குள் எழுந்தது என்ன என்பதை இத்தனை நாள் நான் பெயரிட்டுப் பார்க்கவில்லை. அது சந்தோஷம். பிள்ளைக்குக் காதில் குறையில்லை என்ற சந்தோஷமல்ல. ஒன்பது வருடமாக என்னைக் கம்ப்யூட்டர் என்று கூப்பிட்டவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்ற சந்தோஷம்.

அண்ணி மருத்துவரிடம் வாங்கிய நாளைக் கைவிட்டார். அதன் பிறகு சில்லுவுக்கு நடந்ததை நான் ஞாயிறுதோறும் துண்டு துண்டாகப் பார்த்தேன். பள்ளியில் அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். மாமியார் அவளை அழுத்தக்காரி என்றார். கூப்பிட்டும் வராதபோது அண்ணி எழுந்து போய் முதுகில் ஒன்று வைப்பார். மறுபடி மிஷினில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தைக்காமல் இருப்பார். சில்லு ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள். யார் வாய் அசைந்தாலும் முந்திக்கொண்டு, கேட்டுச்சு, கேட்டுச்சு என்பாள். நான்கூட ஒருநாள், பரவாயில்லையே, திருந்திவிட்டாளே என்று நினைத்தேன்.

மேசை தேர்ச்சி பெற்ற அன்றே பிற்பகலில் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், எப்போதும் களைப்பாக இருப்பவர். திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எவ்வளவு நேரத்தில் சரிசெய்யலாம் என்று கேட்டார். சரிசெய்தாயிற்று, ஒரே வரி என்றேன். அப்படியானால், மென்பொருள் மேம்படுத்தப்பட்டதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபரிசோதனை இலவசமாகச் செய்கிறோம் என்று பள்ளிகளுக்குக் கடிதம் போட்டுவிடலாம் என்றார். "பிழைன்னு ஒரு வார்த்தை போட்டா பதறிடுவாங்க. வேலை நடந்தா போதும் இல்லையா?" என்றார். நான் சரி என்றேன். சரி என்றபோது தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அந்த லேசான உணர்வோடு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது, அண்ணியிடமும் இதையே சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

அதையே சொல்லவும் செய்தேன். போன் பண்ணி, புது மிஷின் வந்திருக்கிறது அண்ணி, சும்மா இன்னொரு தடவை சில்லுவுக்குப் பார்க்கலாமா என்றேன். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, நிற்கவில்லை. வேண்டாம், ஒருதரம் பார்த்தது போதும், அவளுக்குக் காதில் குறையில்லை என்று நீயே சொல்லிவிட்டாய், இப்போதுதான் கண்டித்து வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன் என்றார். கண்டித்து. நான் கொடுத்த சொல். அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

என் கணவரிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். அவர் அதிர்ந்துதான் போனார். ஆனாலும், மிஷின் கோளாறு என்று சொல்லிக் கூட்டிப்போ, அக்கா அதற்குமேல் கேட்க மாட்டாள், அந்தக் குறிப்பு, தேதி இதெல்லாம் அவளுக்கு எதற்கு, புரியவா போகிறது என்றார். என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். ஆனால் புரியவா போகிறது என்ற சொல் என் வாயில் இருந்திருக்க வேண்டிய சொல். இன்னொருவர் வாயில் கேட்டபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மடிக்கணினி, ஹெட்போன், பொத்தான் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன் வீட்டில் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன், பத்து முறையும் எதையும் அழுத்தாமல். பத்து முறையும் சிவப்பு. அவ்வளவு சிவப்பைப் பார்த்து இதற்கு முன் நான் நிம்மதி அடைந்ததில்லை.

அண்ணி முன்னறையில் ஒரு நீளமான சாம்பல் நிறத் திரைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. நான் உட்காராமல் நின்றபடியே, அன்றைக்குப் பார்த்தது தப்பு, மறுபடி பார்த்தாக வேண்டும் என்றேன். மிஷின் நின்றது. அவர் மேசையில் குவிந்திருந்த துணியைத் தரையில் தள்ளி இடம் செய்தார்.

சில்லுவை உட்காரவைத்தேன். இந்தமுறை திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவள் கையையே பார்த்தேன். கட்டைவிரல் பொத்தானின்மேல் தயாராக இருந்தது. நகத்தில் பென்சில் கரி. முதல் ஒலி போனது. விரல் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அவள் என் கண்ணைப் பார்த்தாள். நான் தலையாட்டினால் அழுத்திவிடலாம் என்று காத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு முகத்தை அசைக்காமல் நிற்பது எனக்கு முடியாத காரியமாக இருந்தது, நின்றேன். எட்டு ஒலியும் முடிந்தன. பிறகு ஒலியைப் படிப்படியாகக் கூட்டினேன். ஐந்தாவது படியில் விரல் சட்டென்று அழுத்தியது. அவள் பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சத்தம் ஹெட்போனுக்கு வெளியே நின்ற எங்கள் இருவருக்குமே கேட்டது.

அண்ணி அவளை இறக்கிவிட்டு, உள்ளே போய் விளையாடச் சொன்னார். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிதானமாகச் சொன்னார். அவள் ஓடினாள்.

"அப்போ மூணு மாசமா நான் அவளை அடிச்சேனே," என்றார்.

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அதையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எண்ணைப் பார்த்ததை, சந்தேகம் வந்ததை, பிறகு பார்க்கலாம் என்று எழுதிவைத்ததை. அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாத ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டார். "அந்தப் பெட்டி அப்போ இல்லைன்னுதான் சொல்லிச்சா?" ஆமாம் என்றேன். "நீதான் வேற மாதிரி எடுத்துக்கிட்டியா?" ஆமாம் என்றேன்.

அவர் கத்தரிக்கோலை எடுத்து, தொங்கிய நூலை வெட்டி, கத்தரிக்கோலைப் பழைய இடத்தில் வைத்தார்.

"எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தானே அன்னைக்குச் சொன்ன. இன்னைக்கும் எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லு."

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மாமனார், மாமியார், என் கணவர், அண்ணி. சில்லு பாட்டியின் பக்கத்தில் தட்டைத் தாளமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடித்ததும் மாமனார்தான் முதலில் பேசினார். மருமகள்மேல் அவருக்கு எப்போதும் ஓர் அபிமானம் உண்டு.

"மிஷின் பண்ணின தப்புக்கு நீ என்னம்மா செய்வ? விடு," என்றார்.

மாமனார் எனக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டார். வெளியே போய்விடலாம். என் கணவர் என்னைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு மாமா. எனக்கு அப்பவே சந்தேகம் வந்தது. அவசரத்துல அதை மூடி வச்சேன். அதுக்கப்புறம் பிள்ளைமேல பழி போட்டேன்."

மாமியார் சில்லுவின் தலையில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்து, "கேட்டுச்சு பாட்டி," என்றாள். மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அண்ணி என்னை மன்னித்ததாகச் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மருத்துவரிடம் மறுபடி நாள் கேட்டிருப்பதாகவும், எந்த நாள் கிடைத்தாலும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வர வேண்டும் என்றும், நடந்ததை மருத்துவரிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். என்னைக் கம்ப்யூட்டர் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை மேலாளரின் மேசையில் அவருடைய கடிதம் அச்சாகித் தயாராக இருந்தது. மேம்பாடு என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. இதை அனுப்பினால் பாதிப் பெற்றோர் மறுபரிசோதனைக்கு வர மாட்டார்கள் என்றேன். மேம்பாட்டுக்காக யார் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள், என் நாத்தனாரே வர மாட்டேன் என்றுதான் சொன்னார் என்றேன். முடிவு தவறு, பிள்ளையின் காதில் குறை இருக்கலாம் என்று நேராகச் சொன்னால்தான் வருவார்கள். அவர், யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். என் பெயரை என்றேன். போட்டால் இந்த வேலையில் நான் இருப்பேனா என்பது தன் கையில் இல்லை என்றார். தெரியும் என்றேன்.

பீப் அக்காவிடம் போய், ஒரு மாதத்துக்கு முன் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பள்ளிகளிலிருந்து வாங்கிவைத்திருந்த பெற்றோர் எண்களைப் பள்ளிவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளிகள் வைத்திருந்தார். ஒலி போனபோது சும்மா உட்கார்ந்திருந்ததாக அவருக்குத் தோன்றிய பிள்ளைகள். முப்பத்தெட்டுப் புள்ளிகள். திரையில் பச்சை விழுந்ததால் என்னிடம் சொல்லவில்லை என்றார். "எனக்கே சந்தேகம், என் கண்ணுதான் சரியில்லையோன்னு." அவரையும் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

கடிதம் போய்ச் சேர நான்கு நாளாகும். புள்ளி வைத்தவர்களை முதலில் நானே கூப்பிட்டேன். முதல் எண் ஒரு வண்டி பழுதுபார்ப்பவருடையது. பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம். யார், எங்கிருந்து என்று சொல்லி, உங்கள் மகளுக்குச் செய்த காதுப் பரிசோதனை தவறாகப் போய்விட்டது, மறுபடி செய்ய வேண்டும் என்றேன். யாரிடமோ தட்டுவதை நிறுத்தச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, ரொம்ப நன்றிங்க, உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் என்று ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றி காதுக்குள் போக மறுத்தது.

"இல்லைங்க, நன்றி சொல்லாதீங்க," என்றேன். "அந்தத் தப்பைப் பண்ணினது நான்தான். அப்பவே பார்த்திருக்கணும், பார்க்காம விட்டுட்டேன்."

மறுமுனையில் வண்டி ஒன்று உறுமி அடங்கியது. அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூன்று மாதத்தில் தன் வீட்டில் நடந்ததை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

நாளைக் காலை ஒன்பதரைக்கு என்றேன். அவர் வேறெதுவும் சொல்லாமல் போனை வைத்தார்.